ஒரு பசு கறக்கும் நேரம்

என் வீட்டுக்காரர் உப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் முதல் வாய்க்கு அப்புறம் ஒரு வார்த்தை வரும். "உப்பு கம்மி." இல்லாவிட்டால், "உப்பு கரிக்குது." சரியாக இருந்தால் ஒன்றும் வராது. அதுதான் பாராட்டு. நான் கோபக்காரி. சில நாள் உப்பு ஜாடியையே தட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்திருக்கிறேன். அவர் அசராமல் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப சரி" என்பார். பையன் பிறந்தான், படித்தான், பெங்களூரில் வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வீடு பார்த்துக்கொண்டான். உப்புப் பேச்சு மட்டும் எங்களோடு, சுரங்கக் கம்பெனி கட்டின நந்திதுர்க் லைன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அவர் ரிடையரான பிறகும் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போதும் போகிறேன். பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்கிற வேலை. மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்குள் ரயில் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் ஊரில் சயனைட் மேடு ஒன்றுதான் வெளுத்துத் தெரியும். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகக் குவித்த இடம். மழைக்காலத்தில் அதன் மேல் பனி இறங்கி, எங்கே மண் முடிகிறது எங்கே வானம் தொடங்குகிறது என்றே தெரியாது. பெண்கள் பெட்டியில் பூக்கட்டுகிறவர்கள் பூக்கட்டுவார்கள், ஜெபம் சொல்லுகிறவர்கள் ஜெபம் சொல்லுவார்கள். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வேன்.

பாதித் தூக்கத்தில் எனக்கு ஒரே கனவுதான் வரும். ரயில் முன்னால் போகாது, கீழே போகும். சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கேஜ் மாதிரி, லெவல் லெவலாக. ஒவ்வொரு லெவலிலும் ஒரு விளக்கு எரியும். விளக்கடியில் யாரோ நிற்பார்கள், முகம் தெரியாது. பயமாகவும் இருக்காது. பங்காரப்பேட்டையில் டீக்காரர் குரல் கேட்டதும் மேலே வந்துவிடுவேன். நான் சுரங்கத்துக்குள் இறங்கினதே இல்லை. என் அப்பா இறங்கினார், அவருடைய அப்பா இறங்கினார். என் வீட்டுக்காரர் வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்காக ரயிலில் ஏறியவர்கள்.

ஆனால் சுரங்கம் எங்கள் உடம்பில் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கீழே பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். முதலில் பலகையில் இருக்கிற பாத்திரங்கள் கிணுகிணுக்கும். அடுத்த நொடி லைனில் இருக்கிற அத்தனை பெண்களும் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். கத்த மாட்டார்கள், அழ மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் பக்கமிருந்து யாராவது வந்தால் ஒரே கேள்வி: "எல்லாரும் மேல வந்துட்டாங்களா?" சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. பழக்கத்தை மூட யாரும் ஆர்டர் போடவில்லை. பெங்களூரில் மெட்ரோவுக்காகப் பூமியைக் குடைந்தபோது ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடி அதிர்ந்தது. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் நான் வாசற்படிக்கு வெளியே, கையில் டோக்கன் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கூட வேலை செய்கிற பெண், "ஏனாய்து ஆன்ட்டி?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தாள். அவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது. நானும் சிரித்துவிட்டேன்.

இவர் விஷயத்துக்கு வருகிறேன். ரிடையரானதும் பக்கத்து லைனில் ஒருவர் புறா வளர்க்க ஆரம்பித்தார், இன்னொருவர் மாத்தி மாத்தி டிவி சேனல் போட ஆரம்பித்தார். இவர் போனில் சொற்பொழிவு கேட்க ஆரம்பித்தார். பிறகு பூதிகோட்டைக்கு அப்பால் பாறைக்குன்று ஒன்றின் அடியில் இருக்கிற ஒரு சின்ன மடத்துக்குப் போய் வர ஆரம்பித்தார். ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு போர்வெல், ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் மடம். போய்விட்டு வரும்போது முகம் தெளிவாக இருக்கும். எனக்கும் சந்தோஷந்தான். வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் மூக்கை நுழைப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன்.

நினைத்தபடியே மூக்கு நுழைவது நின்றது. அதுதான் வினையாகிவிட்டது.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து ரசம் சாதத்தை வாயில் வைக்கிறேன், ஒரு கல் உப்பு இல்லை. காலையில் அதே ரசத்தை இவர் என் எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். உடனே போன் போட்டேன்.

"ரசத்துல உப்பு இல்ல, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சு இன்னாத்துக்குச் சொல்லல?"

"போட்டத சாப்பிடணும். இது வேணும், அது வேணாம்னு கேக்கக் கூடாது. பிட்சைக்கு அதான் விதி."

பிட்சையாம். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது போனில் கத்த முடியாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டேன். அன்று சாயங்கால ரயிலில் தூங்கவில்லை. நான் போடுகிற சோறு பிட்சை என்றால், நான் யார்? தெருவில் போகிறவருக்குப் படியில் நின்று சோறு போடுகிற யாரோ ஒரு அம்மாவா? கோபத்துக்குக் கீழே இருந்தது பயம்தான். இந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், செருப்பு மட்டும்தான் இன்னும் வாசலில் இருக்கிறது என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மடத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். அங்கே இருக்கிற சுவாமிக்கு என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலந்து பேசுவார். துறவியிடம் பழைய கதையைக் கேட்கக்கூடாது என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, "சாமிக்கு எந்த ஊரு?"

"இப்போதிக்கு இதே ஊரும்மா" என்று சிரித்தார்.

சிரித்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? இருந்தாலும் ரசத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் இவரைப் பார்த்தார், இவர் தரையைப் பார்த்தார். பிறகு சுவாமி அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், பிட்சைக்கு இன்னொரு விதியும் உண்டு என்று வேறு ஒன்றைச் சொன்னார்.

"ஒரு வீட்டு வாசல்ல போயி ஒரு தடவ கூப்பிடணும். அப்புறம் ஒரு பசு கறக்கற நேரம் நிக்கணும். அவ்ளோதான். வந்தா வாங்கிக்கணும். வரலன்னா கோவம் இல்லாம அடுத்த வீட்டுக்குப் போயிடணும். அதுக்கு மேல நின்னா அது கேக்கறது இல்லம்மா, மெரட்டறது."

இது எனக்குப் பிடித்திருந்தது. இவருக்காக வந்த இடத்தில் எனக்கு ஒன்று கிடைத்துவிட்டதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் ராகிக் கொல்லைகள் போய்க்கொண்டே இருந்தன. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து வெயில் காய்ந்தன. நான் கேட்டே வாழ்ந்தவள். ஒரு தடவை கேட்டு நிறுத்தினதாக எனக்கு நினைவே இல்லை.

ஆனால் பசு கறக்க எவ்வளவு நேரமாகும்? எனக்குத் தெரிந்த பால் பாக்கெட்டில் வருகிறது. பேத்தமங்களா பக்கத்திலிருந்து எங்கள் லைனில் சில வீடுகளுக்குப் பால் கொண்டுவருகிற அம்மாவை நிறுத்திக் கேட்டேன்.

"அது மாட்டப் பொறுத்துதும்மா" என்றாள். "கன்னுக்குட்டி பக்கத்துல நின்னா சட்டுனு விட்டுடும். புது ஆளு கை வெச்சா நின்னுகினே கீற வேண்டியதுதான். ஏன், மாடு வாங்கறீங்களா?"

இல்லை, சாமியாராகிறேன் என்று சொன்னேன். அவள் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் என்னுடைய பசுவை மனதில் கட்டிக்கொண்டேன். கறுப்புப் பசு, நெற்றியில் வெள்ளை. ரயிலில் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் கால் நீட்டியிருப்பவரிடம் ஒரு தடவை, "கொஞ்சம் நகருங்க" என்பேன். பிறகு பால் செம்பில் விழுகிற சத்தத்தை நினைத்துக்கொண்டு நிற்பேன். முதலில் சுர்ர் என்று ஓசை வரும், செம்பு நிறைய நிறைய ஓசை தணிந்துவிடும். பெரும்பாலும் அதற்குள் நகர்ந்துவிடுவார்கள். நகராவிட்டால் அடுத்த பெட்டி. ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு ஒரு தடவை சொல்லிவிட்டு நிற்பேன். முன்பெல்லாம் நான் நாலாவது தடவை சொல்லும்போது என் குரல் மாடி வரைக்கும் கேட்கும். பையனுக்குப் போனில், "சாப்பிட்டியா?" என்று அனுப்பிவிட்டு, பதில் வராவிட்டால் இன்னொன்று, பிறகு கேள்விக்குறி மட்டும், பிறகு போன், பிறகு மருமகளுக்குப் போன் என்று போகிறவள் நான். ஒன்றே ஒன்று அனுப்பினேன். பசு கறந்து முடிந்தது. போனைப் பைக்குள் போட்டேன். மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"நல்லா கீறேன்டா."

"ஒண்ணும் திட்டலியே."

அன்று அவன் ரொம்ப நேரம் பேசினான். ரயில் கொரமண்டல் ஸ்டேஷன் தாண்டி மாரிக்குப்பம் வருகிற வரைக்கும் பேசினான். காவியும் வேண்டாம், கமண்டலமும் வேண்டாம், இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று எனக்குக் கர்வம்கூட வந்தது. கர்வம் வந்தால் அடி பின்னாலேயே வரும் என்பார்கள். வந்தது.

ஆனி கடைசியில் ஒரு சாயங்காலம் இவர் கொடியிலிருந்து வேட்டிகளை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார். "ஆடிப் பௌர்ணமியிலருந்து நாலு மாசம் சாமிங்க எங்கயும் போவ மாட்டாங்க. மழைக்காலத்துல நடந்தா பூச்சி புழு மிதிபடும்னு ஒரே எடத்துல இருப்பாங்க. நானும் மடத்துல இருக்கலாம்னு கீறேன். பாதி நாளு மௌனம்."

"நாலு மாசம் கழிச்சு?"

"அப்புறம் பாக்கலாம்."

கையிலிருந்த பீர்க்கங்காயைக் கீழே வைத்தேன். "திரும்பி வருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் வேட்டியின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தார். நான் நின்றேன். என் கறுப்புப் பசு வந்து நின்றது, செம்பு நிறைந்தது, நுரை அடங்கியது. வாசலில் ஒரு கன்னடப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோ போயிற்று. அவர் அந்த வேட்டியைப் பிரித்து மறுபடியும் மடித்தார். நான் பீர்க்கங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கேட்பதற்கு மேல் நின்றால் மிரட்டுவது. சரி, மிரட்டவில்லை. ஆனால் கோபமில்லாமல் நகர வேண்டும் என்று இன்னொரு பாதி இருக்கிறதே, அது எனக்கு வரவில்லை. அவர் கிளம்பின அன்று தட்டில் மூன்று தோசை கூடவே போட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போட்டதைச் சாப்பிட்டார். பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினார். செருப்பும் போய்விட்டது.

ஆடிக் காற்று அந்த வருடம் பேய்க் காற்றாக அடித்தது. சயனைட் மேட்டிலிருந்து புழுதி கிளம்பி ஊர் முழுக்க மெல்லிய வெள்ளையாகப் படிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தரையில் என் காலடி எனக்கு முன்னாலேயே போயிருக்கும், அது காலையில் நான் கிளம்பின தடம். தனியாக இருப்பது பிடித்தும் இருந்தது என்று சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். ஓட்டில் மழை விழும். சமைக்கத் தோன்றினால் சமைப்பேன், இல்லாவிட்டால் பொரியும் வெல்லமும். ஒருவரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். இதைத்தான் அவரும் அங்கே அனுபவிக்கிறாரோ என்று தோன்றிய நிமிடத்தில் பயம் மறுபடியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். எனக்கே இது பிடிக்கிறதென்றால் அவருக்கு எவ்வளவு பிடிக்கும்? அவர் வர மாட்டார் என்று நினைத்து இரண்டு முறை அழுதிருக்கிறேன். ரயில் கனவில் இப்போது எந்த லெவலிலும் விளக்கடியில் ஆள் இல்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். மடத்தில் எல்லாருக்கும் ஒரு வேளை பிட்சை கொடுக்க நானும் பேர் சொல்லிவைத்திருந்தேன். விடியற்காலையில் எழுந்து பூசணிக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், பாயசம். துறவிகளுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டை ருசி பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. பெரிய தூக்குகளில் ஊற்றி, துணியால் வாயைக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சோறு மடத்திலேயே வடித்துவைத்திருந்தார்கள்.

இவர் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது, பாதிக்கு மேல் வெள்ளை. இளைத்திருந்தார். மௌன விரதம். என்னைப் பார்த்துக் கைகூப்பினார், எனக்குப் பக்கத்தில் நின்ற பூதிகோட்டைப் பெண்கள் இரண்டு பேரையும் பார்த்து அதே அளவு கைகூப்பினார். அந்த அதே அளவுதான் எனக்குத் தாங்கவில்லை.

வரிசையாக இலை போட்டு நானே பரிமாறினேன். சுவாமி சாம்பாரை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். நன்றாகத்தான் வந்திருக்கிறது போல என்று மனசு கொஞ்சம் குளிர்ந்தது. எல்லாரும் எழுந்த பிறகு பெண்களோடு நானும் உட்கார்ந்து, முதல் வாய் வைத்தேன்.

உப்பு இல்லை.

கொஞ்சமும் இல்லை. அத்தனை பேரும் முகம் சுளிக்காமல், மெதுவாக, மரியாதையாகச் சாப்பிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். பூதிகோட்டைப் பெண்கள் என்னைப் பார்க்காமல் பொரியலைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அவமானத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. அந்த வரிசையில் இவரும் இருந்தார். உப்பில்லாத பூசணிக்காய் சாம்பாரை, என் கையால் போட்டதை, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் சாப்பிட்டார். வீட்டில் அது வீம்பு என்று நினைத்தேன். இங்கே வீம்பில்லை. நிஜமாகவே ஆகிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று இலையை மடித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடி உட்காருவது அங்கே வழக்கம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் கதவோரம். வேப்பமரக் காற்று வந்தது. எங்கேயோ ஒரு ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே தூரமாகப் போயிற்று. அழுகை வருகிற மாதிரி இருந்து, வராமல், நான் அப்படியே இறங்க ஆரம்பித்தேன். ஒரு லெவல், இன்னொரு லெவல். விளக்குகள் எரிந்தன. விளக்கடியில் வெறும் தரை.

அப்போது பூமி அதிர்ந்தது. கழுவிக் கவிழ்த்திருந்த என் தூக்குகள் கிணுகிணுத்தன.

நான் கண்ணைத் திறந்தபோது கூடத்துக்கு வெளியே, வெயிலில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்படிப் படி தாண்டினேன் என்று தெரியாது. குன்றுக்குப் பின்னாலிருந்து புழுதி எழுந்துகொண்டிருந்தது. குவாரியில் கல்லுக்கு வெடி வைத்திருக்கிறார்கள் என்று புரிய ஒரு மூச்சு பிடித்தது. உள்ளே ஒருவரும் அசையவில்லை. தவளை மாதிரி நான் மட்டும் குதித்து வந்து நிற்கிறேன். போதாத குறைக்கு இது வேறா என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. ரொம்ப நாள் பேசாததால் கட்டிப்போன குரல்.

"எங்க போனா? இங்கதான குந்தினு இருந்தா? எங்க போனா?"

இவர் பெண்கள் பக்கத்தில், நான் உட்கார்ந்திருந்த காலி இடத்தின் முன்னால் நின்று, பூதிகோட்டைப் பெண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவர்கள் மிரண்டுபோய் வெளியே கை காட்டினார்கள். இவர் வேட்டி தடுக்க ஓடி வந்தார். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்து நின்று, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"மேல வந்துட்டியா?" என்றார்.

சமதரையில், பட்டப்பகலில், அறுபது தாண்டிய மனிதர் கேட்கிற கேள்வி. எங்கள் ஊர்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது விளங்காது. எனக்கு விளங்கிற்று.

"வந்துட்டேன்" என்றேன்.

வெயில் சுட்டது. நான் கால் மாற்றி நின்றேன். மௌனம் போய்விட்டதே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டார், திருடின பிள்ளை மாதிரி. சுவாமி மெதுவாக வெளியே வந்தார்.

"மன்னிக்கணும் சாமி" என்றேன் நான். "எங்க ஊர்ல சின்ன வயசுலருந்து இப்படித்தான். சத்தம் கேட்டா கால் தானா வெளிய வந்துடும். அவரையும் ஒண்ணும் சொல்லாதீங்க, பழக்கம்."

"உங்களுக்குப் பழக்கம்மா" என்றார் சுவாமி. "இந்தக் குவாரி தினம் மத்தியானம் வெடிக்குது. இவரு வந்த நாள்லருந்து ஒரு நாளும் அசையல. இவர மாதிரி உக்காரணும்னு நான் மத்தவங்களுக்குச் சொல்றது. இவத்து, இன்னிக்கு மட்டும் எழுந்தாரு." இவர் பக்கம் திரும்பினார். "எழுந்தது தப்பில்லப்பா. யாருக்காக எழுந்தோம்னு பாத்துக்கணும். பாத்தாச்சு. இன்னிக்கு மௌனம் போச்சு, நாளைலருந்து வெச்சுக்கலாம். அம்மாவ பஸ்ஸு வரைக்கும் விட்டுட்டு வாங்க."

இரண்டு தூக்குகளை அவர் எடுத்துக்கொண்டார், ஒன்றை நான். குன்றைச் சுற்றி வருகிற மண்பாதையில் புழுதி இன்னும் அடங்காமல் மஞ்சளாக நின்றது. அதற்குள் நடந்து போனோம். முன்னால் இருக்கிற மரங்கள் இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் தெரிந்தன. அவருடைய செருப்புச் சத்தம் எனக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவோ கேட்கலாம். நான் கேட்கவில்லை. ஆனியில் ஒரு தடவை கேட்டாகிவிட்டது. ஆச்சரியம், கோபமும் இல்லை. அந்த இரண்டாவது பாதி எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை.

பஸ் நிற்கிற புளியமரத்தடியில் தூக்குகளை இறக்கி வைத்தார். தொலைவில் பஸ் திரும்புவது தெரிந்தது. அவர் தாடியைச் சொறிந்தார், பாதையைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சாம்பார்ல உப்பே இல்ல."

நான் ஆனியிலிருந்து நின்றுகொண்டிருந்த வாசல் அது. சில மாடு மெதுவாகத்தான் விடும் போலிருக்கிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் முந்தானையால் மூக்கைத்தான் துடைத்துக்கொள்ள முடிந்தது.

"தெரியும்" என்றேன். "கார்த்திகைல வாங்க. சரியா போட்டு வெக்கறேன்."

பஸ் வந்து நின்றது. அவர் தூக்குகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் விசில் ஊதிய பிறகு, ஜன்னல் பக்கமாக வந்து சொன்னார்.

"ஒரு கல்லு கூடவே போடு."